திருப்பிக் கூப்பிடாத நம்பர்

சாலைக் கடைத்தெருவில் நாச்சியார் ஒவ்வொரு மண்பானையாகத் தூக்கி விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடுப்புச் சுருக்குப்பையில் இருந்த போன் இரண்டு முறை அடித்து நின்றது.

மாசி மாதம். விடிகாலையில் இன்னும் குளிர் அடித்தது. ஆனால் பத்து மணி வெயில் தலையைச் சுட்டது. பெண்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்காலைக்கு ஒரு வாரம் இருந்தது. பானை, வெல்லம், தேங்காய், அடுப்பெரிக்கத் தென்னம்பாளைக் கொதும்பு என்று திருவனந்தபுரத்துப் பெண்கள் எல்லோரும் அந்தத் தெருவில்தான் நின்றார்கள். கட்டட வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்த சித்தாள் நாச்சியாரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

அட்டக்குளங்கரைக்குப் பின்னால் தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் சில ஒரே வளவில் வாடகைக்கு இருந்தன. எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன். ஆண்களிடம் கொடுத்தால் சாயங்காலம் எங்காவது விட்டுவிட்டு வருவார்கள் என்று நாச்சியாரிடம் கொடுத்திருந்தார்கள். அது இரண்டாயிரத்து ஆறாம் வருடம். பேசுவதற்குக் கையில் காசு கிடையாது, அடித்து நிறுத்துவதற்குக் காசு வேண்டியதில்லை. அதனால் ஒரு அடி அடித்தால் நலம். இரண்டு அடி அடித்தால் உடனே கூப்பிடு. ஊரில் சொந்தக்காரர் யாரிடமும் போன் கிடையாது. கடைக்காரர், பஸ் டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று கையில் அகப்பட்ட ஆளின் போனிலிருந்து அடிப்பார்கள். ஆகவே தெரியாத நம்பர் என்றாலே அது சொந்தக்காரர்தான்.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை பகவதியம்மாளுக்கு அது நிறைமாதம். நாச்சியார் பானையைக் கீழே வைத்துவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"பகவதியா பேசுதே?"

"வாழ்த்துகள் மேடம். எங்க கம்பெனி குலுக்கல்ல உங்க நம்பருக்குக் கார் கிடைச்சிருக்கு" என்றது ஒரு ஆண் குரல், சுத்தமான தமிழில்.

நாச்சியாருக்குப் பயம் போய் அதிசயம் வந்தது. "காரா? என்ன கலரு?"

"மெரூன் மேடம்."

"இப்போ அது எங்கன நிக்கி?"

"குடோன்ல இருக்கு மேடம். பதிவு பண்றதுக்கு ரெண்டு ரீசார்ஜ் கார்டு வாங்கிச் சுரண்டி, அதுல உள்ள நம்பரை மட்டும் சொன்னாப் போதும்."

"ஐயா, குக்கர் விசிலடிக்கே. ஆபீசுல யாரு சமைக்கா?"

"கேன்டீன் மேடம்."

கேன்டீன் உள்ள கம்பெனி என்றால் பெரிய கம்பெனிதான் என்று அவள் முடிவு செய்தாள். கார் ஓட்டத் தெரியாது, நிறுத்த இடம் கிடையாது. இருந்தாலும் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. மூலைக்கடை ஷிஜு, "முந்தாநாள்தானே போட்டது? இப்போ ரெண்டு கூப்பன் எதுக்காக்கும் சேச்சி?" என்று கேட்டான். "ஒரு காரியம் இருக்கு" என்று சிரித்தாள். பொங்காலைக்கு வைத்திருந்த காசு கார்டாக மாறியது. கார்டு நம்பரைச் சொன்ன பிறகு கூப்பிட்டால் அந்தக் குரல் எடுக்கவே இல்லை.

புருசன் தங்கபாண்டி கொத்தனார். அன்று மாலை வளவு முழுக்கக் கேட்கும்படி பேசினான்.

"ஏளா, செங்கல்லு தட்டிப் பாத்து வாங்கத் தெரியுது, பானை தட்டிப் பாத்து வாங்கத் தெரியுது. ஒருத்தன் கார் தாரேங்கான், அவனத் தட்டிப் பாக்கத் தெரியலையே."

"யக்கா, கார்ல ஏறி வேலைக்குப் போம்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றான் பக்கத்து அறை லிங்கம்.

"உனக்கு டிக்கியில எடமுண்டு, போ" என்றாள் நாச்சியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முகம் சுருங்கியிருந்தது.

"இனி கேட்டுக்கிடுங்க" என்றான் தங்கபாண்டி. "பேர் தெரியாத நம்பர் எதுக்கும் திருப்பிக் கூப்பிடக் கூடாது. எவன் அடிச்சாலும் சரி."

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது அது நியாயமாகத்தான் இருந்தது.

பொங்காலைக்கு முந்தின நாள் கிழக்கேகோட்டைத் தெருக்களில் இடம் பிடிக்கும் வேலை நடந்தது. செங்கல் மூன்றை முக்கோணமாக வைத்துவிட்டால் அந்த இடம் அவரவருக்கு. பானைக்கும் வெல்லத்துக்கும் கடன் வாங்கியிருந்த நாச்சியார், வேலையிடத்திலிருந்து நல்ல கல்லாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு அடி. நின்றது. திரும்ப இரண்டு அடி. திரும்பவும்.

"ஏங்க, புது நம்பரு. கூப்பிட்டுப் பாக்கட்டா?"

"அந்தக் கார்க்காரந்தான். ருசி கண்டுட்டாம்லா."

"பகவதியா இருந்தா?"

"அவளுக்கு இன்னும் நாள் கிடக்கு. சொன்னாக் கேளுளா. மறுபடியும் ஊர் சிரிக்கணுமா?"

ஊர் சிரித்தது அவளுக்கு இன்னும் வலித்தது. போனைப் பையில் போட்டு நாடாவை இறுக்கினாள். சாயங்காலம் வரை அது இடுப்பில் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. நின்றபோதுதான் யாராக இருக்கும் என்ற கேள்வி அதிகமாக அரித்தது.

மறுநாள் காலை தெருவெல்லாம் பெண்களும் பானைகளும். அடுப்புப் பற்றவைக்கக் கோவிலிலிருந்து தீ வரவேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போன் அடித்தது, இந்தத் தடவை நிற்காமல் அடித்தது. நாச்சியார் எடுத்தாள்.

"மதினி, நான் செல்வகணேஷ். ஏன் மதினி திருப்பிக் கூப்பிடல?"

தங்கையின் புருசன். தோட்டத்துக்குக் கீழே ஒரு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும்; அங்கே நின்ற ஜீப் டிரைவரின் போனிலிருந்து அடித்தானாம். பகவதிக்கு நாளுக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. அந்த ஜீப்பிலேயே கொண்டுபோனபோது, அடிவாரத்து ஆசுபத்திரியில் பார்த்துவிட்டு ரத்தம் ரொம்பப் போகிறது, பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள், ரத்தம் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள் என்றார்களாம். அங்கிருந்தும் சாயங்காலம் வரை அடித்துப் பார்த்தானாம்.

"ராத்திரி திருவனந்தபுரம் வந்து சேந்தோம். போன் பூத்து அடைச்சிருந்து, இப்பந்தான் தொறந்தாவ. என் ரத்தம் சேரலன்னுட்டாவ. உங்க வளவு எங்கன்னும் தெரியாது, தெரியாத ஊர்ல யார்ட்டக் கேப்பேன்? ஒரு ஆட்டோக்காரர் பாவம் பாத்துக் குடுத்தாரு. வயித்தக் கீறித்தான் பிள்ளைய எடுத்தாவ. இன்னும் ரத்தம் வேணுமாம்."

தீ வந்து பக்கத்து அடுப்புகள் புகைய ஆரம்பித்தன. நாச்சியாரின் அடுப்பு மட்டும் அப்படியே கிடந்தது. புகையில் கண் தெரியாமல் அவள் வளவுக்கும் அங்கிருந்து ஆசுபத்திரிக்கும் ஓடினாள். தங்கபாண்டியும் லிங்கமும் வளவில் இருந்த மற்ற ஆண்களும் சட்டையை மாட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

ரத்தம் கொடுக்க அத்தனை பேரும் கையை நீட்டினார்கள். நாச்சியாருடையது சேர்ந்தது. கொடுத்துவிட்டு வராந்தாவில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கை கண் திறக்கவில்லை. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நேற்று மத்தியானமே ஆள்கள் வந்து நின்றிருக்கலாம்.

அப்போது போன் அடித்தது.

"வாழ்த்துகள் மேடம். உங்க நம்பருக்கு…"

அதே குரல். யாரை ஏற்கெனவே ஏமாற்றினோம் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

"தம்பி, இன்னைக்கும் குக்கர் விசிலடிக்கு" என்றாள் நாச்சியார். குரல் உயரவில்லை. "உன் வீட்டுல சோறு வேகுது. என் அடுப்பு தெருவுல பத்தவைக்காமக் கிடக்கு. நீ கொண்டுபோன காசு போட்டும், ஒரு மாசம் கல்லு சுமந்தா வந்துரும். எந் தங்கச்சிக்குப் பிரசவ வலின்னு அடிச்ச போனை நீதான்னு நெனச்சு நான் திருப்பிக் கூப்பிடல. அவ புருசன் ரத்தத்துக்கு ஆள் தேடி ராத்திரி பூரா அலைஞ்சிருக்கான். பிள்ள பெட்டிக்குள்ள கிடக்கு."

அந்தப் பக்கம் போனை வைப்பான் என்று எதிர்பார்த்தாள். வைக்கவில்லை. விசில் சத்தம் அடங்கியது. பிறகு மேடம் என்ற சொல் இல்லாமல் கேட்டான்.

"பிள்ள பொழைச்சிருச்சாக்கா?"

அவளுக்கே அப்போது அது தெரியாது.

"அதத் தெரிஞ்சுக்கிடணும்னா மொதல்ல ரெண்டு கார்டு வாங்கிச் சுரண்டி, நம்பரச் சொல்லு" என்று போனை வைத்தாள்.

மத்தியானம் தாண்டி நர்ஸ் ஒருத்தி வந்து, "பகவதியம்மாளோட ஆளுகள் யாரு? அம்மைக்கு போதம் வந்து. குஞ்ஞினும் குழப்பமில்ல, பெண்குட்டியாணு" என்றாள். பகவதிக்கு நினைவு வந்துவிட்டது, பெண் குழந்தையும் நலம் என்று புரிந்ததும் செல்வகணேஷ் நர்ஸைப் பார்த்துக் கும்பிட்டான்.

தங்கபாண்டி வெகுநேரம் தன் கையில் காய்ந்திருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நான் போட்ட சட்டம் தப்பு. எந்த நம்பர்ல இருந்து ரெண்டு அடி வந்தாலும் இனி கூப்பிட்டுப் பாப்போம். பரிசு, காருன்னு பேசுனா வச்சிரு. கார்டு நம்பர மட்டும் ஒருத்தனுக்கும் சொல்லாத. கள்ளனுக்குப் பயந்து நம்ம ஆளுக்குக் கதவ அடைச்சோம்னா, அவன் திருடுனதவிட நாம தொலைக்கது பெருசு."

நாச்சியார் சுருக்குப்பையின் நாடாவைத் தளர்த்தி, போனை வெளியே எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள்.