லாரி திரும்பும் இடம்

வெர்னாவின் வீட்டைத் தாண்டி ரோடு கிடையாது. குவாரிக் குன்று ரோடு அவர்கள் வாசலோடு முடிந்துவிடும். அதற்கு மேலே மேப்பிள் மரங்களும் பாறையும்தான். ரோட்டிலிருந்து கார் கொட்டகை வரை போகிற அவர்களுடைய தார்ப்பாதைக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் பனி உருகும்போது அதில் ஏதாவது ஒரு துண்டு பெயர்ந்து வரும். இந்த வருடம் பெயர்ந்ததை வெர்னா வாளியில் அள்ளினாள். இரண்டு வாளி நிறைந்தது.

செப்டம்பர் கடைசியில் தார் போடுகிற ரஸ் பெல்கி வந்து பார்த்தார். நவம்பர் பிறந்துவிட்டால் தார் ஆலையை மூடிவிடுவார்கள், பிறகு மே மாதம்தான். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்: பழைய தாரின் மேலேயே இன்னொரு படலம் போட்டுக்கொள்வதா, அடியோடு தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

ரஸ் பூட்ஸ் காலால் அங்கங்கே மிதித்துப் பார்த்தார். ஒரு வெடிப்பில் திருப்புளியை விட்டார். அது பிடிவரை இறங்கியது.

"கொட்டகைப் பக்கம் மேல் பாதி நல்லா இருக்கு. ஒரு படலம் போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும். ரோட்டுப் பக்கம்தான் வம்பு. முதலைத் தோல் மாதிரி வெடிச்சிருக்கு பாருங்க. இப்படி வெடிச்சா அடியில ஜல்லி அமுங்கிப்போச்சுன்னு அர்த்தம்."

"பனி பண்ற வேலை" என்றாள் வெர்னா.

"மரத்து வேரு" என்றார் லெஸ்டர். அவர் கொட்டகை வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் என்ற முறையில் வெர்னா எதைச் சொன்னாலும் வேறொன்று சொல்வது அவருக்கு வழக்கம்.

"பனின்னா எல்லா இடத்துலயும் தூக்கியிருக்கும். வேர்னா ஒரு பக்கம் தூக்கியிருக்கும். இங்க ரெண்டு தடம் வளைஞ்சு உள்ள வந்து, வளைஞ்சு வெளிய போகுது. உங்க கார் இவ்வளவு அகலமா?" என்றார் ரஸ்.

மூன்று பேரும் தடத்தைப் பார்த்தார்கள். லெஸ்டர் மெல்லச் சீட்டியடித்தார். பனி தள்ளுகிற ஊர் லாரி! ரோடு இங்கேதானே முடிகிறது. அது எங்கேயாவது திரும்ப வேண்டுமே. வருடக்கணக்காக இவர்கள் பாதையில் நுழைந்து திரும்பிப் போகிறது. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

"ரோட்டுல தூவுற உப்பு நிறைச்சா அது பதினெட்டு டன்" என்றார் ரஸ். "அது வந்து போறவரைக்கும் நான் மேல படலம் போட்டா ரெண்டு குளிர்காலம்கூடத் தாங்காது. லாரிய வராம பண்ணுங்க, படலம் போதும். இல்லைன்னா தோண்டணும். தோண்டினா கிட்டத்தட்ட மூணு மடங்கு செலவாகும்."

அவர் போன பிறகு லெஸ்டர், "சங்கிலி ஒண்ணு வாங்கிக் குறுக்க கட்டிடலாம்" என்றார்.

"ஊர் லாரி ஒடைச்சதுக்கு நாம ஏன் அழணும்?" என்றாள் வெர்னா. மூன்று மடங்கு என்றால் சமையலறைக்குப் புதுத் தரை போட எடுத்து வைத்த பணம் முழுவதும் போய்விடும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. திங்கள், புதன், வெள்ளியில் லெஸ்டரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும். மற்ற நாள்தான் அவளுக்குச் சொந்தம். ஊர் லாரிகள் நிற்கிற கொட்டகைக்குக் காரை ஓட்டினாள். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'இனிமேல் உங்கள் லாரி எங்கள் இடத்தில் திரும்பக் கூடாது.' மரியாதையாக, ஆனால் கறாராக.

கொட்டகையில் டுவைட் மட்டும்தான் இருந்தான். குன்று ரோடுகளுக்கெல்லாம் அவன்தான் ஓட்டுநர். ஆள் கதவு அகலத்துக்கு இருப்பான், பேச்சு எண்ணி நாலு வார்த்தை. லாரியின் முன்னால் பனியைத் தள்ளும் தகட்டுக்குப் புது விளிம்பு பொருத்திக்கொண்டிருந்தான்.

"வாங்க மிஸஸ் திபோ. லெஸ்டர் எப்படி இருக்காரு?"

"வாய் ஓயல. அதனால நல்லா இருக்காருன்னுதான் நெனைக்கிறேன்."

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று போனான்.

வெர்னா சுவரைப் பார்த்தபடி நின்றாள். எந்த ரோடு முதலில், எது பிறகு என்று அவனுடைய வரிசைத் தாள் ஒட்டியிருந்தது. அச்சடித்த வரிசைக்கு மேலே பேனாவால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'திங்கள், புதன், வெள்ளி – குவாரிக் குன்று முதலில். 4:45-க்குள். திபோ.' தாள் மஞ்சளாகிப்போயிருந்தது.

டுவைட் திரும்பி வந்தபோதும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன டுவைட்?"

அவன் கழுத்து சிவந்தது. "அதுவா… அவரு காலைல ஆறரைக்கு டயாலிசிஸுக்கு அங்க இருக்கணும்ல? நாப்பது மைல் ஆச்சே. நீங்கதான் சொன்னீங்க, பெட்ரோல் போடுற இடத்துல. ரெண்டு வருஷம் இருக்கும்."

"நானா சொன்னேன்?"

"பேச்சோட பேச்சா. விதிப்படி மெயின் ரோட்டுப் பனியத்தான் மொதல்ல தள்ளணும். நான் வேலைக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துட்டா ரெண்டும் ஆயிடும்."

"எவ்வளவு முன்னாடி?"

"முக்கால் மணி நேரம்" என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னான்.

இரண்டு குளிர்காலம். 'எங்க ரோடு அதிர்ஷ்டக்கார ரோடு, விடியறதுக்குள்ள சுத்தமாயிடுது' என்று மகளிடம் போனில் பெருமையடித்தது வெர்னாவுக்கு நினைவு வந்தது. அதிர்ஷ்டம் எதிரே துண்டில் கை துடைத்துக்கொண்டு நின்றது.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு சொல்லலையே?"

ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை. ரஸ் சொன்னதைச் சொன்னாள்.

"நானா ஒடைச்சேன்?" டுவைட்டின் முகம் வாடிவிட்டது. "மன்னிச்சுக்குங்க. இனிமே அங்க திரும்பல."

"பின்ன என்ன பண்ணுவ?"

"கீழ ஒரு பண்ணை வாசல்ல திரும்ப இடம் இருக்கு, அங்கயே நிறுத்திடணும். மேல வந்துட்டு இருட்டுல அரை மைல் ரிவர்ஸ்ல இறங்க அனுமதி கிடையாது. மிச்ச ரோட்டுக்குச் சின்ன வண்டி வரும்."

"எத்தன மணிக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒம்பது வாக்குல."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் லெஸ்டரிடம் சொன்னாள்.  

"லாரி வெளிச்சம் ஜன்னல்ல அடிக்குதுன்னு அவனத் திட்டியிருக்கேன் வெர்னா."

"நானும்தான் திட்டினேன். நீங்க மட்டும் தனியா வருத்தப்பட வேணாம்."

"சங்கிலி வாங்கிட்டியா?"

"வாய மூடுங்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ரஸ், லாரி வரும். வரணும். ரோட்டுப் பக்கம் தோண்டிடுங்க, பதினெட்டு டன் தாங்குற மாதிரி ஜல்லி போடுங்க. மேல் பாதிக்குப் படலம் மட்டும். அப்படிச் செய்யலாமா?"

"செய்யலாம். ஆனா நடுவுல ஒட்டுப் போட்ட கோடு தெரியும்."

பக்கத்தில் இருந்து லெஸ்டர் கத்தினார்: "தெரியட்டும்னு சொல்லு! என் கையிலயுந்தான் டயாலிசிஸுக்குப் போட்ட தையல் தெரியுது!"

கணக்குப் பார்த்தபோது சமையலறைத் தரைக்குப் பாதிப் பணம் மிஞ்சியது. பாதித் தரை போட முடியாதென்பதால் அது அடுத்த வருடத்துக்குப் போனது.

அக்டோபர் இரண்டாவது வாரம் ரஸ்ஸின் ஆட்கள் பழைய தாரை உடைத்து அள்ளினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டுவைட் தன் சொந்த வண்டியில் வந்து, பள்ளத்தின் ஓரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வெர்னா நன்றி சொல்லத்தான் கிட்டே போனாள். "திரும்ப இடம் போதுமா?" என்றுதான் வாயில் வந்தது.

"தாராளமா. நாலு தடவ முன்ன பின்ன எடுத்தாப் போதும்."

"ஏன் நாலு தடவ?" என்றார் ரஸ். "நின்ன எடத்துல சக்கரத்தத் திருகினதாலதான் இவ்வளவு நாசம். ஒரே வீச்சுல வளைச்சு எடுக்க வேண்டியதுதானே?"

டுவைட் ஓரத்தில் இருந்த லைலாக் புதரைக் காட்டினான். "ஒரே வீச்சுல எடுத்தா தகடு அதுல படும். அதான்."

வெர்னா புதரைப் பார்த்தாள். ஆள் உயரம் வளர்ந்திருந்தது. இத்தனை குளிர்காலத்தில் அதில் ஒரு கிளைகூட முறிந்ததில்லை. அது ஏன் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

கொட்டகைக்குள் போய் மண்வெட்டியோடு வந்தாள்.

"வேணாம் மிஸஸ் திபோ, மே மாசம் அவ்வளவு நல்லாப் பூக்குமே!"

"ஜன்னலுக்குக் கீழ வெச்சாலும் பூக்கும். நகரு."

அவன் நகரவில்லை. மண்வெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வேரைச் சுற்றி அகலமாக வெட்டத் தொடங்கினான். "இன்னும் தள்ளி வெட்டு, இன்னும் தள்ளி" என்று லெஸ்டர் நாற்காலியிலிருந்து உத்தரவு போட்டார்.