ரோலர் ஓடும்போது வரும் அழைப்பு

எங்கள் சலவை ஆலையில் வேலை நேரத்தில் கைபேசி கூடாது. வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் ஆபீஸ் எண்ணுக்கு அழைப்பார்கள். எடுப்பவர் மேற்பார்வையாளரிடம் சொல்வார். அவர் ஷிஃப்ட் முடிந்ததும் உரியவரிடம் சொல்வார். காலங்காலமாக அப்படித்தான்.

என் மனைவிக்கு விபத்து என்ற செய்தியும் அந்த வழியில்தான் எனக்கு வந்தது. அழைப்பு வந்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை.

மேற்பார்வையாளருக்கு ஆலையில் 'அப்புறம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் முதல் பதில் அதுதான். கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டில் அன்று வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டவர் அவர். "லோடு முடியட்டும்னு இருந்துட்டேம்ப்பா" என்றார்.

நான் வேலையை விட்டுவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாமியார் கேட்டேவிட்டார்.

"இன்னும் அங்கேயேதான் போகணுமா மாப்பிள்ளை?"

"அங்க ஒரு வேலை பாக்கி இருக்கு அத்தை."

புது மேலாளர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இங்கே யாரும் யாரிடமும் எதையும் நேரத்துக்குச் சொல்வதில்லை, இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்றார். பட்டம் படித்தவன் என்பதால் என்னைத் துணிக்கணக்கிலிருந்து எடுத்து ஆபீஸில் உட்காரவைத்தார். அறிவிப்பு, சுற்றறிக்கை, தொலைபேசி எல்லாம் என் பொறுப்பு. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வீட்டிலிருந்து வரும் அழைப்பை உடனே சொல்ல வேண்டும். சரி என்றார்.

எழுதி ஒட்டினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஆலையில் கையெழுத்துக்குப் 'படித்தேன்' என்று அர்த்தம் கிடையாது. 'ஆளை விடு' என்று அர்த்தம். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் காலை ஒரு சிறுமி அழைத்தாள். அம்மாவிடம் பேச வேண்டும், அவசரம் என்றாள். விஷயம் என்ன என்று என்னிடம் சொல்லமாட்டாளாம். அவள் அம்மா ரோலர் அக்கா. ரோலர் என்பது ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்துத் தேய்த்து மறுபக்கம் தள்ளும் பெரிய சூட்டு உருளை. விரிப்பின் ஒரு முனையை அக்காவும் மறுமுனையை ஒரு பையனும் பிடித்து அதற்குள் விடுவார்கள்.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன்.

"லோடு ஓடுதுல்ல? அப்புறம் சொல்லிக்கலாம்."

"அறிவிப்பு போட்டிருக்குண்ணே."

"நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அதுக்கென்ன இப்போ?"

நேராக நடந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ரோலர் நின்றது. உள்ளே ஒரு விரிப்பு இருந்ததை நான் யோசிக்கவில்லை. அக்கா ஆபீஸுக்கு ஓடினாள். கருகல் வாடை வந்தது. மொத்த ஆலையும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அக்கா திரும்பி வந்தாள். முகம் ஒருமாதிரி இருந்தது.

"என்னக்கா? யாருக்கு என்ன?" என்றாள் துணி மடிப்பவள் ஒருத்தி.

"ஒண்ணுமில்லடி. பூனை அலமாரிக்குள்ள குட்டி போட்டுடுச்சாம். எடுத்து வெளிய விடலாமான்னு கேக்குறா."

உலர்த்தும் பகுதியிலிருந்து ஒரு குரல்: "தாயும் சேயும் நலமா அக்கா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சளாகக் கருகிய விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். நானும் போனேன்.

மேலாளர் விரிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அறிவிப்பை மாத்திடுங்க. ரொம்ப அவசரம்னா மட்டும் உடனே சொல்லணும்னு போடுங்க."

"எது அவசரம்னு யார் முடிவு பண்றது மேடம்?"

"மேற்பார்வையாளர்தான்."

"அன்னைக்கும் அவர்தான் முடிவு பண்ணார்."

மேற்பார்வையாளர் விரிப்பை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நீ எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் என்னைப் பார்க்காமல். "அவ போயிட்டா அந்த இடத்துல யார் நிக்கிறது? அதை எழுதலயே நீ."

அவர் கேட்டது நியாயம்.

"நான் நிக்கிறேன்."

"உனக்கு விரிப்பு விடத் தெரியுமா? கை வெந்துடும்."

"வேகட்டும். கத்துக்குறேன்."

மேலாளர் பேனாவை மூடினார். "ஒரு மாசம் பாப்போம். இன்னொரு விரிப்பு கருகுச்சுன்னா பழையபடிதான்."

மதிய இடைவேளைகளில் ரோலர் அக்காவிடம் விரிப்பு விடப் பழகினேன். இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். "பொண்ணு பாக்க வந்த மாதிரி தயங்காதே தம்பி, முனையப் புடிச்சு இழு" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் முனையைப் பிடித்து இழுத்தேன்.

அறிவிப்பைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் ரோலர் பக்கத்தில் நின்று வாயால் சொன்னேன். "உங்க வீட்லேருந்து யார் கூப்பிட்டாலும், எதுக்குக் கூப்பிட்டாலும், உடனே வந்து சொல்லுவேன். நீங்க பேசிட்டு வர்ற வரைக்கும் உங்க இடத்துல நான் நிப்பேன்."

"பூனை குட்டி போட்டாலுமா?"

"போட்டாலும்."

"என் மாமியார் தினம் கூப்பிடுவாங்களே?"

"அவங்ககிட்டயும் நானே பேசணுமா?"

முதல் முறையாக நான் சொன்னதற்குச் சிரித்தார்கள். முதல் முறையாகக் கேட்கவும் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே இன்னொரு அழைப்பு வந்தது. நான் கிடங்கில் இருந்தேன். திரும்பி வரும்போது, தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு மேற்பார்வையாளர் ரோலரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வேகமாக. அக்காவுக்கு எதிர் முனையில் நின்ற பையனின் தோளைத் தொட்டார்.

"உங்கப்பா லைன்ல இருக்காரு. போ."

"என்ன விஷயமாம்ண்ணே?"

"நான் கேக்கல. நீ போய்க் கேளு."

அவன் போனான். நான் ஓடிப்போய் அவன் இடத்தில் நின்று அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தேன். ரோலர் நிற்கவில்லை.