மார்கழிச் சாவி

எம்பாரை வீட்டுக்காரர் என்று யாராவது சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் காலமெல்லாம் அடுப்போடு மல்லுக்கட்டிய மனிதர். குடியிருந்ததும் மடப்பள்ளிக்குப் பின்னால் கோயில் விட்டிருந்த ஒற்றை அறையில்தான். ஆனால் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் அவர் பேரில் ஒரு வீடு இருந்தது. ஒரு கூடம், இரண்டு அறை, கொல்லையில் கிணறு, விறகு போட ஒரு தகரக் கொட்டகை. மனைவி பங்கஜவல்லியின் வளையல்களை விற்று, அறுபத்தொன்றில் கட்டிய வீடு. அதில் அவர்கள் இருவரும் ஒரு ராத்திரிகூடப் படுத்தது கிடையாது.

கட்டின கையோடு வாடகைக்கு விட்டிருந்தார். கோயில் அறை இருக்கும்போது வீட்டை எதற்குப் பூட்டி வைப்பது, பிள்ளை குட்டி இல்லாதவர்களுக்கு வயசான காலத்தில் வாடகை ஆகுமே என்று நினைத்தார். நினைப்பில் பிசகில்லை. ஒருவரைக் குடி வைப்பது சுலபம், கிளப்புவது வீட்டைக் கட்டுவதைவிடப் பெரும்பாடு என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

குடியிருந்தவன் குப்புராஜ். ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். யூனியன் ஆள், சட்டம் தெரிந்தவன். வாடகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. தவறவிட்டிருந்தால் அவனைக் காலிசெய்ய அது ஒரு வழியாகியிருக்கும். வாடகையை ஏற்றவும் முடியாது, காரணம் காட்டாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது. சட்டம் அப்படி. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் குப்புராஜ் போன்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தெருவாகச் சட்டி பானை தூக்கிக்கொண்டு அலைந்திருப்பார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நியாயம் எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையாக இருந்தால் யாராவது ஒருவருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும்.

இங்கே மூச்சு முட்டியது பங்கஜவல்லிக்கு. நிஜமாகவே முட்டியது. மடப்பள்ளிப் புகையும் அந்த அறையின் ஈரமும் சேர்ந்து அவளுக்கு இளைப்பைக் கொண்டுவந்துவிட்டன. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். "ஏன்னா, நம்மாத்துக் கூடத்துல ஜன்னல் வெச்சுக் கட்டினோமே, அதுக்குக் கீழே ஒரு நாள் காலை நீட்டிப் படுத்துட்டா போறும்" என்பாள். போதாததற்கு எம்பாருக்கும் வயசாகிவிட்டது. எழுபத்தைந்தில் மாசி பிறந்தால் கோயில் வேலையிலிருந்து நிற்க வேண்டும், அறையைப் புது ஆளுக்கு விட வேண்டும்.

சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று வழக்குப் போட்டார். முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் வாய்தா வாய்தாவாக நின்று காலே ஓய்ந்துவிட்டது. கடைசியில் எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. வீட்டைக் காலி செய்யக் குப்புராஜுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள்.

வக்கீல் தேவராஜன் அன்றைக்கே சொன்னார். "சாவி கைக்கு வந்ததும் குடிபோயிடுங்கோ சுவாமி. தள்ளிப் போட்டுடாதீங்கோ."

எம்பார் சிரித்துக்கொண்டார். போவதற்குத்தானே இவ்வளவு காலம் நாயாய் அலைந்தது. இதை ஒருவர் சொல்ல வேண்டுமா என்று நினைத்தார்.

கார்த்திகை மாதக் கடைசி நாள். விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. விடிந்தால் மார்கழி. எம்பார் விடிகாலைப் பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது மடப்பள்ளிப் பின்வாசலில் குப்புராஜ் வந்து நின்றான்.

"சாமி, ஊட்டைக் காலி பண்ட்டேன். இந்தா சாவி. பொண்டாட்டி புள்ளைங்கள ஆரம்பாக்கத்துல மாமியா ஊட்டுக்கு இட்டுகினு போறேன்."

எம்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. அதற்குள் தானாகவே வந்து கொடுக்கிறானே, இவனைப் போய்க் கோர்ட்டுக்கு இழுத்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. புளியோதரையை இலை நிறைய வைத்துப் பொட்டலம் கட்டினார். "குழந்தைகளுக்குக் குடு. நன்னா இருங்கோ" என்றார். குப்புராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இருட்டில் இறங்கிப் போனான்.

மார்கழியில் யாராவது குடிபோவார்களா? அதிலும் எம்பார். பஞ்சாங்கம் பார்க்காமல் புதுத் துடைப்பம்கூட வாங்காதவர். மடப்பள்ளிக்கோ அதுதான் இடுப்பொடியும் மாதம். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். குனிந்து நிமிரும்போதெல்லாம் அது தொடையில் இடித்தது. அந்த இடி அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்நாளில் அவர் முழுசாகச் சந்தோஷப்பட்ட மாதம் எது என்று கேட்டால் அந்த மார்கழிதான்.

போகிக்கு முதல் நாள் பங்கஜவல்லி கேட்டாள்.

"ஏன்னா, பொங்கலன்னிக்கே நம்மாத்துல பானையை வெச்சுடலாமே. அதைவிட நல்ல நாள் உண்டா?"

"உளறாதே. தை ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் கரிநாள். கரிநாள்ல யாராவது குடிபோவாளா?"

"பெருமாளுக்குப் பொங்கல் வெக்கற நாள்தானே? எனக்கு ராத்திரியெல்லாம் முடியலைன்னா."

"இத்தனை வருஷம் பொறுத்தாச்சு. தை பத்துக்கு மேலே நல்ல முகூர்த்தம் இருக்கு. முதல்முதலா நுழையறோம், குறையில்லாமப் போகலாம்."

அதற்கு மேல் அவளுக்குப் பேச மூச்சும் இல்லை.

அந்த முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். குறை ஒன்றும் வைக்கவில்லை. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அன்று ராத்திரி பங்கஜவல்லி ஜன்னலுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்து விடியும்வரை தூங்கினாள். எம்பார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்திலேயே கோர்ட்டிலிருந்து ஆள் வந்துவிட்டான். குப்புராஜ் மனுப் போட்டிருந்தான். சொந்த உபயோகத்துக்கென்று குடித்தனக்காரரைக் காலி செய்ய வைக்கிறவர் சாவி கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் குடிபோக வேண்டும். போகாவிட்டால் பழைய குடித்தனக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். இது சட்டம். சாவி கொடுத்தது கார்த்திகைக் கடைசி. எம்பார் குடிபோனது தை பத்துக்கு மேல்.

"நான்தான் தலைப்பாடா அடிச்சுண்டேனே" என்றார் வக்கீல் தேவராஜன். அவர் அடித்துக்கொள்ளவில்லை, ஒரே ஒரு தடவை சொன்னார். ஆனால் அதை இப்போது பேசி என்ன ஆகப்போகிறது.

கூண்டில் ஏற்றி எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார். "மாசம் முழுக்க வீடு பூட்டியே கிடந்ததா?"

"மார்கழி" என்றார் எம்பார்.

"சரி. தை ஒண்ணாம் தேதி மார்கழி இல்லையே. அன்னைக்குப் போயிருந்தால்கூட மாசக் கணக்கு தாண்டியிருக்காது. ஏன் போகலை?"

"கரிநாள்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். எம்பாருக்குச் சிரிப்பெல்லாம் காதில் விழவில்லை. பொங்கலன்றே பானையை வைக்கலாமே என்று கேட்ட குரல்தான் கேட்டது. எவனும் அவரை ஏமாற்றவில்லை, அவரேதான் அவளை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

மார்கழிக்கும் கரிநாளுக்கும் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. அப்பீலுக்குப் போகலாம் என்றார் தேவராஜன். எம்பார் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். விற்க இனி வளையல் இல்லை.

சித்திரையில் ஒரு நாள் குப்புராஜ் சட்டி பானையோடு வந்து இறங்கினான். மனைவி கன்னியம்மா எம்பாரின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"குப்புராஜ், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விடிஞ்சா மார்கழின்னு தெரிஞ்சுதான் சாவியைக் குடுத்தியா?"

குப்புராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தெரிஞ்சிதான் சாமி. வேற இன்னா பண்ணச் சொல்ற? ஆரம்பாக்கத்துலேர்ந்து மெட்ராஸ் போயி, அங்கேர்ந்து ஆவடிக்கு ரெண்டு ட்ரெயின் மாறி ஷிப்டுக்குப் போயிப் பாரு. இந்த வாடகைக்கு எவன் எனக்கு ஊடு குடுப்பான்? நீ குடுத்த புளியோதரைய ட்ரெயின்ல துன்னுகினே போனோம். இவ தேம்பித் தேம்பி அழுதுச்சி."

எம்பாருக்குக் கோபம் வரவேண்டும். வந்திருந்தால் கொஞ்சம் தெம்பாகவாவது இருந்திருக்கும். வரவில்லை.

"எங்க போவ சாமி? கோயில் ரூமும் போச்சு இல்ல?"

எம்பார் கொல்லைப் பக்கம் பார்த்தார்.

"பின்னால தகரக் கொட்டாய் சும்மாதான கெடக்குது. அம்மாவ இட்டுகினு போயி இருந்துக்க. வாடகையில கழிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. உள்வாடகைக்கு உட்டேன்னு சொல்லி நாளைக்கு இதையே புட்சிக்கினு கோர்ட்டுக்குப் போயிடப் போற. உன் சம்மதத்தோடதான் உட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு."

தன் வீட்டுக் கொல்லையில் தான் இருந்துகொள்ளத் தன் குடித்தனக்காரனுக்கு எம்பார் சம்மதக் கையெழுத்துப் போட்டார். பேனாவும் குப்புராஜுடையதுதான்.

விறகுக் கொட்டகையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். ஜன்னல் கிடையாது. தகரம் மேலே கொதித்தது, கிணற்றடி ஈரம் கீழே ஊறியது. கன்னியம்மா மூட்டிய அடுப்புப் புகை நேரே உள்ளே வந்தது. பங்கஜவல்லி கரியடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்கு இளைத்தது. நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு, எப்போதும் கேட்கிற குரலிலேயே கேட்டாள். குத்திக் காட்டத் தெரியாதவள்.

"ஏன்னா, இன்னிக்கு நாள் பார்த்தேளா?"

எம்பார் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்து அடுப்பை வாங்கி உள்ளே வைத்தார். அவள் உள்ளே வந்து, தகரச் சுவர் சுடாத இடமாகப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தாள்.