பென்சிலில் ஒரு ‘பா’

ஆஸ்பத்திரியில் என்னைக் ‘கறார் அக்கா’ என்பார்கள். பில் பிரிவில் இருபத்தாறு வருஷம். கடைசிச் சில்லறை வரை எண்ணி வாங்கிக்கொண்டுதான் டிஸ்சார்ஜ் சீட்டில் முத்திரை குத்துவேன். “அந்தம்மாகிட்ட போகாதீங்க, பக்கத்து கவுண்ட்டருக்குப் போங்க” என்று வார்டு ஆயா நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கு யோசனை சொல்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. விழுந்தால் என்ன? ஆயாவுக்குப் பிடித்தபடி நடக்கவா எனக்குச் சம்பளம் தருகிறார்கள்?

அப்படிப்பட்ட எனக்கும் ஒரு குட்டு இருந்தது. ஃபைலின் வலது மூலையில் பென்சிலால் எழுதிய ஒற்றை எழுத்து. பா.

பா என்றால் பார்க்கலாம். நம் ஆட்கள் யாரும் முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று சொல்வதில்லை. தங்கச்சி பத்து நாள் வந்து தங்கச் சொல்கிறாளா? “லீவு கிடைக்கட்டும், பாக்கலாம்.” மச்சான் கைமாற்று கேட்கிறாரா? “அடுத்த மாசம் பாக்கலாம்.” வேலை கேட்டு வந்தவனா? “பயோடேட்டா ஒரு காப்பி குடுத்துட்டுப் போங்க தம்பி, பாக்கலாம்.” கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது என்று. அதே சொல்லை நான் கொஞ்சம் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்டேன். கட்ட வழியே இல்லாதவர்களின் ஃபைலில் ஒரு பா எழுதி, இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்த்து வைத்துவிடுவேன். இவர்களிடம் பணம் கேட்கலாமா? பார்க்கலாம். அதாவது, கேட்கப் போவதில்லை.

தள்ளுபடி செய்யும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கு மட்டும்தான். எனக்கு ஒரு பேனா ரீஃபிலைத் தள்ளுபடி செய்யக்கூட அதிகாரம் கிடையாது. அதனால் நான் தள்ளுபடி செய்யவில்லை, தள்ளி வைத்தேன். வருஷக் கடைசிப் பட்டியலில் அவற்றுக்கு எதிரே ‘பரிசீலனையில்’ என்று எழுதிவிடுவேன். ஆபீசில் அந்த வார்த்தையைப் பார்த்தவர்கள் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டதில்லை. இருபத்தாறு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல் சேர்ந்திருந்தது.

எங்கள் நிதி மேலாளருக்கு ‘கமா’ என்று பெயர் வைத்திருந்தோம். அவர் பேச்சில் முற்றுப்புள்ளியே வராது. ஒருநாள் எங்களையெல்லாம் நிற்க வைத்து, “இனிமே பில் எல்லாம் தானா போகும், இன்சூரன்ஸ் கிளெய்மும் தானா போகும், நிலுவை இருந்தா மெசேஜும் தானா போகும், நாம வந்து, மேற்பார்வை மட்டும், அதாவது...” என்று சொல்லிவிட்டு, அதாவதை அந்தரத்தில் விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மறுவாரம் மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். எக்ஸ்ரே அறைச் சுவரை ஒட்டிய என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அக்கா, அலமாரியில இருக்கற எல்லா ஃபைலையும் ஸ்கேன் பண்ணி ஏத்தறோம். அதுல நீங்க போடற குறி எல்லாத்துக்கும் அர்த்தம் வேணும். அதை வச்சுத்தான் எந்த ஃபைலை என்ன செய்யணும்னு சிஸ்டத்துக்குச் சொல்லுவோம்” என்றாள். சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே போனாள். இ.தி. என்றால் இன்சூரன்ஸ் திருப்பியது. மு.க. என்றால் முன்பணம் கட்டியாச்சு. சிவப்பு வட்டம் என்றால் டாக்டர் கையெழுத்து விட்டுப்போச்சு. நாற்பது குறி வந்தது. இத்தனை வருஷம் ஒரு தனி பாஷையே பேசியிருக்கிறோம் என்று எனக்கே சிரிப்பாக இருந்தது.

“இது என்னக்கா, பா?”

அந்த நேரம் பார்த்து கமா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. போகிற காலத்தில் எதற்கு வம்பு?

“பார்த்தாச்சு” என்றேன்.

நாக்கு தானாகப் புரண்டுவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். நான் யோசித்துத்தான் சொன்னேன். பார்த்தாச்சு என்றால் பழைய விஷயம், முடிந்த விஷயம், யாரும் திரும்பப் புரட்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பார்த்த படத்தை யார் காசு கொடுத்து மறுபடி பார்ப்பார்கள்? அவள் “சரிபார்த்தது” என்று தட்டிக்கொண்டாள். கமா தலையாட்டிவிட்டு நகர்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியில் அன்று இரண்டு டீ குடித்தேன்.

அந்தச் சிஸ்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் மூன்று பேர் ஒரு மாதம் மாரடிக்கிற வேலையை அது திங்கட்கிழமை காலை நான்கு நிமிஷத்தில் முடித்தது. ஒரே ஸ்கேனுக்கு இரண்டு தடவை பணம் கட்டியிருந்த பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்து, திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதில் ஏழு பில்லில் இருந்தது என் கையெழுத்து. வெட்கமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை ஒருவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். வெல்டர். சட்டை முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பொத்தல். ஆறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த முகம், எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக ஒரு கவரையும் மடித்த தாளையும் தள்ளினார்.

“மன்னிச்சுக்கங்க மேடம். கணக்கு இன்னும் முடியலன்னு எங்களுக்குத் தெரியாது. இப்போ இவ்வளவுதான் புரட்ட முடிஞ்சுது. மீதியை மாசாமாசம் கட்டிடறேன்.”

தாளைப் பிரித்தேன். போனுக்கு வந்த மெசேஜைப் பார்த்துக் கையால் எழுதியிருந்தார்.

‘அன்புள்ள குழந்தை அவர்களுக்கு, எங்கள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. தாங்கள் ஒன்பது நாட்கள் தங்கியதற்கான பில் தொகை நிலுவையில் உள்ளது. பதினான்கு நாட்களுக்குள் செலுத்தவும். தங்கள் ஆரோக்கியமே எங்கள் மகிழ்ச்சி.’

பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், பெயர் என்ற இடத்தில் ‘குழந்தை’ என்றுதான் நாங்கள் எழுதுவோம். இந்தக் குழந்தை ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பத்தாவது நாள் இல்லை. அந்த ஃபைலில் பா எழுதியது நான்தான்.

“போன் என் வீட்டுக்காரியோடது மேடம். குடுன்னு கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டா. அதான் பார்த்து எழுதிட்டு வந்தேன்.” கொஞ்சம் தயங்கினார். “பாப்பா பேருக்குன்னு இதுவரைக்கும் ஒரு காகிதம் வந்ததில்ல. இதான் முதல்ல வந்தது. அவ அதையே எடுத்து எடுத்துப் பார்த்துட்டிருக்கா.”

அவர் கத்தியிருக்கலாம். கண்ணாடியை உடைத்திருந்தாலும் நான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். மன்னிப்புக் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “இன்னைக்கு சிஸ்டம் வேலை செய்யல. பணத்தை எடுத்துட்டுப் போங்க, நானே கூப்பிடறேன்” என்று கவரைத் திருப்பித் தள்ளினேன். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். பின்னால் சிஸ்டம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

நேராகக் கம்பெனிப் பெண்ணிடம் போனேன். “பா போட்ட ஃபைலுக்கெல்லாம் ஏம்மா மெசேஜ் போச்சு?”

“சரிபார்த்ததுன்னு சொன்னீங்களேக்கா. சரிபார்த்து, பணம் வராம இருந்தா, அதுதான் முதல்ல போகும். சரிபார்க்காததுதான் வரிசையில நிக்கும்.”

இருக்கிற ஆயிரக்கணக்கான ஃபைல்களில் என் முந்நூற்றுப் பன்னிரண்டையும் நானே முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் பத்திரமாக இருந்தது. கெட்டது மற்றவர்கள்.

“கட்டலைன்னா என்னாகும்?”

“பதினஞ்சாம் நாள் வசூல் ஏஜென்சிக்குத் தானா போயிடும். அவங்க வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்க.”

“சத்தமில்லாம மாத்திட முடியாதா?”

“ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா யார் சொல்லி மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு ரெண்டு கட்டம் இருக்குக்கா. காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது.”

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னேன். பஸ் கண்டக்டராக முப்பது வருஷம் ஓடியவர். நான் சொல்லி முடிக்கும்வரை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“சொன்னா என்ன ஆகும்?”

“விசாரணை. ஓய்வுப் பணத்தை நிறுத்தி வைப்பாங்க. ஒழுகற கூரைக்கு அதைத்தானே நம்பிட்டிருக்கோம்.”

“ம்.” கத்தியைத் துடைத்தார். “டிக்கெட் எடுக்காதவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நானும் விட்டிருக்கேன். செக்கிங் ஏறினா என் சீட்டைத்தான் கிழிப்பாங்கன்னு தெரிஞ்சுதான் விடுவேன். நீ என்ன பண்ணிட்ட? செக்கிங் ஏறினதும், இவன் டிக்கெட் எடுத்துட்டான், நான் பார்த்துட்டேன்னு சொல்லிட்ட. இப்போ அபராதம் அவன் கட்டறான்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெரிய நியாயஸ்தர்!” என்று வெங்காயத் தட்டை வாங்கிக்கொண்டு போனேன். கண்ணீருக்கு அது வசதியாக இருந்தது.

மறுநாள் கமாவின் அறைக்குக் கம்பெனிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். உட்காராமலே சொன்னேன்.

“பான்னா பார்த்தாச்சு இல்ல சார். பாக்கலாம்.”

“பாக்கலாம்னா, எப்போக்கா?” என்று கம்பெனிப் பெண் மடிக்கணினியைத் திறந்தாள். “தேதி ஏதாவது போடணுமே.”

“தேதி கிடையாதும்மா.”

“தேதி இல்லாம எப்படிக்கா பாக்கறது?”

“பாக்கறதுக்கு இல்லம்மா அது. பாக்காம இருக்கறதுக்கு.”

அவள் விரல்கள் நின்றன. அவளும் இந்த பாஷைக்காரிதானே. யாரோ எப்போதோ அவளிடமும் சொல்லியிருப்பார்கள். “ஓ” என்றாள், மெதுவாக.

கமா மேஜைக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். “இத்தனை வருஷமா, பரிசீலனையில், பரிசீலனையில்னு, நான் கையெழுத்துப் போட்டேனே, அதெல்லாம்...”

“அதெல்லாம் இதுதான் சார்.”

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். அதிகாரம் இல்லாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு பில்களை நிறுத்தி வைத்தேன், கேட்டபோது தவறான அர்த்தம் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கறார் அக்காவின் கையெழுத்து கோணிக்கொண்டு போனதைக் கம்பெனிப் பெண் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என் ஓய்வுப் பணம் சார்?”

இந்த இடத்தில் எந்த அதிகாரியும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்காகக் காதைத் தயார் செய்துகொண்டுதான் நின்றேன். கமா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நிறுத்தி வைப்பாங்க. விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகலாம். முழுசா கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

மூன்று வாக்கியம், மூன்றுக்கும் முற்றுப்புள்ளி. பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அந்த மனிதர் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. பிறகு கம்பெனிப் பெண்ணிடம், “அந்த ஃபைல்களை நிறுத்துங்க, குழு முடிவு பண்ற வரைக்கும் ஒண்ணும் போகக்கூடாது, யார் சொன்னதுன்னு கேட்டா, என் பேரையும் சேர்த்து, அதாவது...” என்று பழையபடி கமாவானார். அவள் தட்டினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“முன்னாடி வந்த மெசேஜைப் பொருட்படுத்த வேண்டாம்னு இப்பவே எல்லாருக்கும் ஒண்ணு அனுப்பிடட்டாக்கா? ஒரு நொடிதான்.”

“என்னன்னு ஆரம்பிக்கும் அது?”

திரையைப் பார்த்தாள். அன்புள்ள என்று ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு பெயர்.

“வேண்டாம்மா. நான் போன் பண்றேன்.”

ஒரு நாளைக்கு நாற்பது என்று பட்டியல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள், ஒருவர் நான்தான் மோசடிக்காரி என்று போலீசுக்குப் போவதாகச் சொன்னார். எல்லாம் சேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. வெல்டர் வீட்டு எண்ணை அழுத்துவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அவர் மனைவி எடுத்தார். எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“ஆஸ்பத்திரி பில் பிரிவிலேர்ந்து பேசறேம்மா. உங்களுக்கு வந்த மெசேஜ் தப்பா வந்துடுச்சு. தப்பு என்னுதுதான். நீங்க இப்போ எதுவும் கட்ட வேண்டாம், உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க.”

“சரிங்கம்மா.”

“மனசுக்குக் கஷ்டமா இருக்கும். அந்த மெசேஜை அழிச்சிடுங்கம்மா.”

குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“பாக்கலாம்மா” என்றார்.

பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பென்சிலால் பா என்று எழுதிவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினேன்.