தனக்காக் கல்லில் நடந்தவர்

பர்மாப் பெண்கள் முகத்தில் பூசும் தனக்காக் கட்டையைக் கனகாம்பாள் இழைக்கும் கல்லில் முதல் காலடி தெரிந்தது தொண்ணூற்றிரண்டிலா, அதற்கு அடுத்த ஆண்டா என்பது சரியாக நினைவில்லை. தெருவில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அது இடது கால் என்பதிலும், அதில் சுண்டுவிரல் இல்லை என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

அவள் கணவர் ராஜரத்தினம் இன்சீன் ரயில் பட்டறையில் ஃபிட்டர். இடது கால் சுண்டுவிரலை ஒரு சக்கரத்துக்குக் கொடுத்தவர். எண்பத்தெட்டில், மழை எட்டிப்பார்க்காத மக்வே பக்கத்தில் நின்றுபோன எஞ்சினைப் பழுதுபார்க்கப் போனவர் திரும்பவில்லை. பிறகு ஒரு நாள் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில், அந்தப் பொட்டல் காட்டுக் கல் என்று ஒருவன் விற்றதை அவள் அதற்காகவே வாங்கினாள். வட்டமான மணற்கல். அங்கே குன்றைத் தோண்டினால் மீன்முள்ளும் முதலைப் பல்லும் கல்லாகிக் கிடக்கும் என்றான் விற்றவன். அப்படியே இருந்தது. தண்ணீர் விட்டுத் தனக்காக் கட்டையை இழைக்க இழைக்கக் கல் தேய்ந்து, முதலில் மீன்முள் வந்து போனது, பிறகு ஒரு பல், பிறகு நகத்தளவில் அந்தக் காலடி. அதைத் தேய்த்து அழித்தால்தான் அடுத்தது தெரியும். ஒவ்வொன்றும் விளிம்பை நோக்கிச் சற்று நகர்ந்திருந்தது. விரல்கள் இருந்த பக்கத்தை அவள் தன் மடிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

பொட்டை அழித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று நாத்தனார் காளியம்மா ஆண்டுதோறும் சொல்லி வந்தாள்.

“நடந்து வர்ற மனுசனுக்கு யாராவது காரியம் பண்ணுவாங்களா?” என்றாள் கனகாம்பாள்.

“அண்ணன் எப்பவுமே மெதுவாத்தான் நடக்கும்” என்றாள் காளியம்மா.

அவரைச் சீக்கிரம் வரவைக்க, கனகாம்பாள் தெருவுக்கே இழைத்துக் கொடுத்தாள். பூசிக்கொண்ட பெண்களுக்கு நாள் முழுக்கத் தாகம் எடுத்தது. அடைமழையிலும் அவர்கள் பாயில் மணல் நறநறத்தது. இரண்டாயிரத்தெட்டுப் புயல் கூரையைக் கொண்டுபோன அன்றும் கல் நனையவில்லை. அதற்குள் அது அப்பளமாக மெலிந்து, காலடி விளிம்புக்கே வந்திருந்தது. கூரை போட உதவ வந்த காளியம்மா, வழக்கமில்லாமல் கல்லுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

“அண்ணி, இங்க வந்து பாருங்க. இப்படிப் பாத்தா அண்ணன் போவுது.”

கனகாம்பாள் எழுந்து போய்ப் பார்த்தாள். வட்டக் கல்லுக்கு முன்பக்கம் கிடையாது. இன்னொரு முறை இழைத்தால் கால் கல்லை விட்டு இறங்கிவிடும். வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று தெரிந்துவிடும். அவள் கட்டையைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தாள்.

காளியம்மா மறு ஆண்டு காய்ச்சலில் இறந்தாள். தெருப் பெண்கள் கடையில் தனக்கா வாங்கிப் பூசுகிறார்கள். ராஜரத்தினத்துக்கு இன்றுவரை காரியம் நடக்கவில்லை. கனகாம்பாள் பொட்டோடு இருக்கிறாள். கல் சாமி மாடத்தில் இருக்கிறது. காலையில் அதன் அடியில் கொஞ்சம் மணல் உதிர்ந்து கிடக்கும். நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொள்கிறார் என்று சொல்லி, அவள் அதைப் பெருக்கித் தள்ளுகிறாள்.