கம்பு குத்திய காலை

கண்ணில் புரை விழுந்ததிலிருந்து சென்னியம்மாள் ஆட்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். புதுச்சத்திரத்தில் பெரிய பண்ணையம் பார்க்கிற வீட்டு எசமானி, சொந்த மாட்டைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்ன பிழைப்பு? புரையை எடுத்துவிடலாம் என்றார் சேலத்துக் கண் டாக்டர். ஆனால் சர்க்கரை வியாதி குறுக்கே நின்றது. மூத்திரத்தில் சர்க்கரை இருக்கும்வரை கத்தி வைக்கமாட்டேன், புண் ஆறாது என்று சொல்லிவிட்டார்.

"இனிப்பைத் தொடாதே, உடம்பை அசை" என்பதுதான் அவர் சொன்ன வைத்தியம். மகராசி இரண்டையும் செய்தாள். ராகிக் களியைக்கூடப் பாதியாகக் குறைத்தாள். காலையும் மாலையும் வாசலுக்கும் களத்துக்குமாக மெதுவாக நடந்தாள். டாக்டர் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சியபோது முதல் தடவை செங்கல் நிறத்துக்குப் போன மூத்திரம், அடுத்த தடவை மஞ்சளாகி, போன தடவை வெளிர் பச்சையில் வந்து நின்றது. அடுத்த முறை நீலம் மாறாமல் நின்றால் சர்க்கரை இல்லையென்று அர்த்தம், ஆபரேஷன் செய்யலாம் என்றார்.

இந்த இடத்தில்தான் அவளுக்கு அவசரம் வந்தது. மெல்ல நடந்தே இவ்வளவு குறைந்ததென்றால், மிச்சத்தை வியர்வையில் ஒரேயடியாகத் தள்ளிவிடலாம் என்று நினைத்தாள். காட்டு வேலையில் வளர்ந்தவள் வேறெப்படி நினைப்பாள்? சேலம் போகிற அன்று விடிந்ததும், வெறும் வயிற்றோடு, உரலில் கம்பைக் கொட்டி உலக்கையை எடுத்தாள். மூச்சிரைக்க, சேலை நனைய, தலை கிறுகிறுக்கும்வரை குத்தினாள். சற்று உட்கார்ந்துவிட்டு, நன்றாகக் கழுவிய பாட்டிலில் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, புருஷன் நாச்சிமுத்துவோடு பஸ் ஏறினாள்.

டாக்டர் கண்ணாடிக் குழாயை விளக்கில் காட்டினார். செங்கல் நிறம்.

"ஏம்மா, என்னத்தைத் தின்னே?"

"பச்சைத்தண்ணி பல்லுல படலீங்க சாமி. கம்புதானுங்க குத்துனேன்."

"வேலை செஞ்சா சர்க்கரை குறையும், ஏறாது. யார்கிட்ட கதை விடறே?"

மிதமான நடை சர்க்கரையைக் குறைக்கும். மூச்சு முட்ட வேலை செய்தால் உடம்பே கொஞ்ச நேரத்துக்கு அதை ஏற்றிவிடவும் செய்யும். அந்த டாக்டருக்கு அது தெரியாது. தெரியாதது தப்பில்லை. தெரியாததெல்லாம் பொய் என்றாரே, அதுதான் எரிச்சல்.

நாச்சிமுத்துவாவது வாயை மூடிக்கொண்டிருந்தாரா? "வெல்லத்தக் கண்டா இவளுக்கு உசுருங்க. நாங் காட்டுக்குப் போனப்பறம் ஊட்டுல என்ன நடக்குதோ, ஆரு கண்டா?" என்றார்.

கட்டின புருஷனே இப்படிச் சொன்னதும் சென்னியம்மாள் டாக்டர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"என்னைய இங்கியே வெச்சிருங்க. தண்ணியத் தவிர ஒண்ணுங் குடுக்காதீங்க. மத்தியானம் மறுக்காப் பாருங்க" என்றாள்.

டாக்டர் சலித்துக்கொண்டே சம்மதித்தார். நர்ஸ் பார்த்திருக்க, ஆஸ்பத்திரி முற்றத்தில் சுவரைத் தடவிக்கொண்டு, வீட்டில் நடப்பதுபோல மெல்ல நடந்தாள். களைத்தால் உட்கார்ந்தாள். மத்தியானம் குழாயில் நீலம் நீலமாகவே நின்றது.

"பாத்தீங்களாங்க?" என்றாள். குரலில் அழுகையும் வெற்றியும் கலந்திருந்தன.

"பார்த்தேனே. காலையில தின்னது இப்ப இறங்கிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவள் குற்றமில்லை என்று காட்டப் பட்டினி கிடந்தது, குற்றத்துக்கே சாட்சியாகிவிட்டது.

"ஆபரேஷன் செய்யலாம்" என்றார் டாக்டர். "ஆனா அதுக்கப்புறம் நான் சொன்னதைத்தான் சாப்பிடணும். பொய் சொல்றவளை நம்பிக் கத்தி எடுக்கமாட்டேன். தின்னதை ஒப்புக்கோ, வியாழக்கிழமை சேர்த்துக்கறேன். இல்லேன்னா ஊருக்குப் போ."

எதிரே டாக்டரின் வெள்ளைக் கோட்டு புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. சாகும்வரை இப்படியே கிடப்பதா என்று நினைத்தபோது அவள் வீம்பு உடைந்தது.

"வெல்லந் தின்னேனுங்க."

"எவ்வளவு?"

பொய்க்கு அளவு வேறு கேட்கிறான் பாவி.

"ரெண்டு அச்சுங்க."

காலையிலிருந்து உண்மையையே சொன்னவளைப் பொய்க்காரி என்றவர், அவள் முதல் பொய்யைச் சொன்னதும், "இப்பத்தாம்மா நீ நல்ல பொம்பளை" என்று மெச்சினார். அதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நாச்சிமுத்து பக்கத்தில் முணுமுணுத்தார். சென்னியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள்.