திருஷ்டிப் பானையும் அரை நிலாவும்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கேட்டு எடுப்பதில்லை. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கேட்டால் சிரிக்கிறார்கள். இப்படி முனகிக்கொண்டேதான் அழகுமலை, தோட்டத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். திராட்சைப் பந்தலில் அவர் கட்டியிருந்த திருஷ்டிப் பானையைக் காணோம். பழம் கறுத்துத் தொங்குகிறது. சுருளி அருவிக்குப் போகிற கார்க்காரனெல்லாம் நிறுத்தி வாயைப் பிளக்கிறான். மத்தியானம் வியாபாரி வேறு விலை பேச வருகிறான். கண் பட்டுவிட்டால் இந்த வருசப் பாடு அவ்வளவுதான்.

பானை மைதானத்தில் இருந்தது. ஜெபஷீலா டீச்சர் அதைக் கவிழ்த்துத் தலைக்குமேல் பிடித்திருந்தார். மேகமலைப் பக்கமிருந்து காலை வெயில் அடித்தது. மேற்கே மலைக்குமேல் தேய்பிறையின் வெளிறிய அரை நிலா. அதற்கு நேராகப் பானை. சண்டைக்கு வாய் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிலாவில் எந்தப் பாதி வெளுத்திருந்ததோ, சுண்ணாம்பு பூசிய பானையிலும் அந்தப் பாதிதான் வெளுத்திருந்தது.

மறுபாதி ஏன் தெரியவில்லை என்று டீச்சர் கேட்டார். நிலாவின்மேல் பூமியின் நிழல் விழுகிறது என்றான் முன்னால் நின்ற மாணவன் திலீபன். டீச்சர் தப்பென்று சொல்லவில்லை.

"உன் நிழல் எங்கன கிடக்கு?"

"தரையில, டீச்சர்."

"பானை மேல யார் நிழல் விழுது?"

அவன் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தான். யார் நிழலும் இல்லை. "வெயில் படாத பக்கம் இருட்டா இருக்கு. அம்புட்டுதான்" என்றான் கடைசியில்.

அப்புறம் டீச்சர் பானையோடு பிள்ளைகளைச் சுற்றி நடந்தார். வெயில் வரும் திசைக்குப் போகப்போக வெள்ளை பிறையாய் ஒடுங்கியது. எதிர்ப்பக்கம் போனதும் முழு வெள்ளை.

மூன்றாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து ஓடிவந்தவர் அழகுமலை. பிள்ளை வாயிலிருந்தே பதிலைக் கறக்கிற வாத்தியாரை இன்றுதான் பார்த்தார்.

அவரைக் கண்டதும் டீச்சர் முகம் சுருங்கிப்போனார். நீங்கள் கொடுத்தீர்கள் என்றல்லவா பிள்ளைகள் சொன்னார்கள் என்று பானையை நீட்டினார். பானையைப் பார்க்க வரிசையில் நின்ற சிறுமி திரிஷா, "நாங்க இன்னும் பாக்கல தாத்தா" என்றாள்.

அழகுமலை பந்தலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"வச்சுக்கங்க டீச்சரம்மா. ஆனா ஒண்ணு. நிலா தேயவே இல்லைன்னா, வளர்பிறையில வெட்டுன மூங்கில் ஏன் உளுத்துப்போகுது?"

"தெரியலய்யா. விசாரிச்சுத்தான் சொல்லணும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டீச்சர். அதுவும் அவருக்குப் பிடித்துத்தான் போனது.

வெளியே வந்து, பானைக்குப் பதில் திருஷ்டிக்கு ஒரு காலின் செருப்பைக் கழற்றிப் பந்தல் முகப்பில் கட்டினார். டீச்சர் கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் பானை பானைதானே, நிலாவாகிவிடுமா? மறு காலின் செருப்பு மட்டும் சரக் சரக்கென்று இழுபட, தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.